குறையா, பிழையா? மெக்பெத்தைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஈசூனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்நிலை நான்கில் படிக்கும் அண்ணன் மகள் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு, இன்னொரு பக்கம் வண்ண ஒட்டுத்தாள்கள் பிதுங்கும் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம், நடுவில் துணைப்பாட வகுப்பில் கொடுத்த மாதிரி விடை. அந்த விடையின் முதல் வரி: “மெக்பெத்தின் துன்பியல் குறை அவனுடைய பேராசை.” அடுத்த மூன்று பக்கத்திலும் அதே வரிதான் சட்டை மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது.

“இது போதுமா?” என்றேன்.

“எந்தக் கேள்வி வந்தாலும் ஆன்சர் ஒன்னுதானே சித்தப்பா. ஆசைப்பட்டான், கெட்டான்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பள்ளியில் இதே நாடகத்தைப் படித்தவன், இதே வரியை எழுதியவன். ஆனால் ‘பேராசை பெருநட்டம்’ என்று தொடக்கப்பள்ளியிலேயே ஒரு பழமொழியில் படித்துவிட்ட சங்கதிதான் இது என்றால், அதற்காக ஐந்து அங்கம் நாடகத்தை இத்தனை மாதம் உட்கார்ந்து படிப்பானேன்? அன்று மாலை அவளிடம் பேசியதையும், வீட்டுக்கு வந்தபின் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த மாதிரி விடைகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் கீழ்நிலை உயர்நிலை வகுப்புகளில் ஆங்கில இலக்கியம் எல்லாருக்கும் உண்டு. மேல்வகுப்புக்குப் போனதும் அது விருப்பப் பாடம். 1992-இல் ஏறத்தாழ 17,000 மாணவர்கள் இதை முழுப் பாடமாக எடுத்தார்கள். 2012-இல் அந்த எண்ணிக்கை 3,000 அளவுக்கு இறங்கியிருந்தது. 2013-இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கணக்கு வெளியானபோது கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. 2001-இல் சமூகவியல் கட்டாயமானதும், இலக்கியத்தைப் பலர் அதனோடு ஒட்டிய அரைப் பாடமாகவே எடுக்கத் தொடங்கியதும் ஒரு காரணம். காப்பிக்கடை மேசையில் பெற்றோர் பேசிக்கொள்ளும் காரணம் வேறு: “லிட்ல ஏ1 வாங்குறது கஷ்டம்பா.” கணிதத்தில் விடை சரியா தப்பா என்று தெரிந்துவிடும், இலக்கியத்தில் திருத்துபவர் மனசு எப்படியோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ‘குறை’ என்ற சூத்திரம் விற்கிறது. மெக்பெத் என்றால் பேராசை, ஒத்தெல்லோ என்றால் பொறாமை, ஹாம்லெட் என்றால் தயக்கம். வேதியியல் அட்டவணை மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

தேர்வுத்தாள் கேட்பதோ வேறு. நாடகத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, “இந்தத் தருணத்தை ஷேக்ஸ்பியர் எப்படி இவ்வளவு பதற்றமாக்குகிறார்?” என்று ஒரு வகைக் கேள்வி. பகுதி எதுவும் தராமல் முழு நாடகத்தையும் நினைவில் வைத்து எழுதச் சொல்லும் கட்டுரைக் கேள்வி இன்னொரு வகை. இரண்டிலும் உயிர் ‘எப்படி’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘குறை’ச் சூத்திரம் ‘ஏன்’ என்பதற்குத்தான் பதில் சொல்லும், அதுவும் அரைகுறையாக. கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்று பள்ளிகளில் ‘பீல்’ என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்த வார்ப்பின் மேல் எனக்குப் புகார் இல்லை. இட்லித் தட்டு வேண்டும்தான். மாவு புளித்திருக்கிறதா என்பதல்லவா கேள்வி.

இந்தத் ‘துன்பியல் குறை’ என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. கிமு 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில், துன்பியல் நாடகத்தின் நாயகன் மிக நல்லவனாகவும் இருக்கக்கூடாது, முழுக் கயவனாகவும் இருக்கக்கூடாது, ஏதோ ஒரு ‘ஹமார்த்தியா’வால் வீழ வேண்டும் என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிற்காலத்தில் ‘குணக்குறை’ என்று பொருள்படுத்தியது பள்ளிக்கூடம் வரை வந்து உறைந்துவிட்டது. ஆனால் அதன் வேர்வினைக்கு ‘குறி தவறுதல்’ என்று பொருள். ஹோமரின் போர்க்காட்சிகளில் எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போகும்போது வரும் சொல் அது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது திருக்குறள்தான்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

யானையைப் ‘பிழைத்த’ வேல் என்றால் யானைமேல் எறிந்து குறி தவறிய வேல். ‘பிழை’ என்றால் நமக்கு இன்று எழுத்துப்பிழை, கணக்குப்பிழை. வள்ளுவர் காலத்தில் அது கையை விட்டுப் போன ஆயுதம் இலக்கைத் தாண்டிப் போவது. அரிஸ்டாட்டில் சொல்ல வந்ததைக் ‘குறை’ என்பதைவிடப் ‘பிழை’ என்று சொன்னால்தான் தமிழில் அப்படியே பொருந்துகிறது. இது சொல் விளையாட்டு மாதிரித் தெரியலாம். விடையெழுதும்போது வித்தியாசம் தெரியும். குறை என்பது ஆளுக்குள் கிடக்கும் சரக்கு, அதைச் சுட்டிக்காட்டிவிட்டால் வேலை முடிந்தது. பிழை என்பது செயல். யாரோ ஒருவர், ஒரு நேரத்தில், ஒன்றைக் குறிவைத்து எறிய வேண்டும். அதைப் பற்றி எழுத வேண்டுமானால் காட்சிக்குள் போயே ஆக வேண்டும்.

குறைச் சூத்திரம் எவ்வளவு ஒல்லியானது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹரேஷ் சர்மாவின் ‘ஆஃப் சென்டர்’ 1993-இல் இங்கே மேடையேறி, பின்னால் பள்ளிப் பாடமாகவும் ஆனது. மனநோயோடு வாழும் வினோத், சலோமா இருவரின் கதை. வினோத்தின் முடிவு படிப்பவர் தொண்டையை அடைக்கும். அங்கே போய் ‘துன்பியல் குறை எது’ என்று தேடினால், நோயைக் குறை என்று எழுதும் அபத்தத்தில்தான் போய் நிற்போம். குறி தவறியவர்கள் யார் யார் என்று கேட்டால் வீடு, பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் உள்ளே வருகின்றன.

சரி, மெக்பெத் எங்கே குறி தவறுகிறான்?

பேராசையால் மட்டும் விழுந்தான் என்றால் அவனோடு இருக்கும் சக தளபதி பேங்கோவை என்ன செய்வது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே வெட்டவெளியில், அந்த மூன்று சூனியக்காரிகளைப் பார்க்கிறார்கள். மெக்பெத் அரசனாவான், பேங்கோவின் வாரிசுகள் அரசர்கள் ஆவார்கள் என்று இருவருக்கும்தான் பங்கு கிடைக்கிறது. பேங்கோவுக்கும் ஆசை இருக்கிறது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், தூங்கப்போனால் கெட்ட எண்ணங்கள் வருகின்றன, அவற்றைத் தடுத்துக் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறான். அதே விதை, வேறு நிலம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ‘நிலம்’ என்னவென்று காட்ட முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியைத் திறக்க வேண்டும்.

மெக்பெத் கொன்றுவிட்டு அரியணை ஏற நினைக்கும் டங்கன் மன்னன், அவன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மெக்பெத் தனியாக எழுந்து வந்து பேசுகிறான். “செய்து முடித்ததும் முடிந்துவிடுமானால், சீக்கிரம் செய்துவிடுவது நல்லது” என்று தொடங்குகிறது அந்தத் தனிமொழி. இந்தக் கொலையோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்றால் மறுமையைக்கூடப் பணயம் வைக்கலாம் என்கிறான். உடனே தானே பதிலும் சொல்கிறான்: தீராது, நாம் கலந்த நஞ்சுக் கிண்ணத்தை நீதி நம் உதட்டுக்கே கொண்டுவந்து வைக்கும். சிலப்பதிகாரப் பதிகத்தில் ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று இளங்கோவடிகள் எழுதியதில் அந்த ‘ஊட்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் வினை திரும்பி வந்து வாயருகே நிற்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கவிகள், நடுவில் பல நூற்றாண்டு. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் மயிர்க்கூச்செறியும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற ‘பேராசை’ வரி வருகிறது. மாணவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி, ஆனால் அதற்குள் இருக்கும் படத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. தன்னைக் குத்தி ஓட்ட வேறு முள் எதுவும் இல்லை, தாவிக் குதிக்கும் பேரவா ஒன்றுதான் உண்டு, அதுவோ அளவுக்கு மீறித் தாவி அந்தப் பக்கம் போய் விழுகிறது என்கிறான். குதிரையில் ஏறத் தாவியவன் சேணத்தில் உட்காராமல் மறுபுறம் விழும் காட்சி. யானையைத் தாண்டிப் போன வேல் மாதிரியே, சேணத்தைத் தாண்டிப் போன ஆள். ஹமார்த்தியா என்ற சொல்லை ஷேக்ஸ்பியர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அதன் படத்தை மெக்பெத்தின் வாயிலேயே வைத்துவிட்டார். இதை எழுதினால் அது விடை. “பேராசை என்ற குறையை இந்த மேற்கோள் காட்டுகிறது” என்று எழுதினால் அது கடையின் பெயர்ப்பலகை.

அதோடு இன்னொன்று. கிரேக்க நாடகத்தின் ஓடிபஸ் மன்னன் தெரியாமல் தகப்பனைக் கொன்றான். மெக்பெத் தெரியாமல் எதையும் செய்யவில்லை. டங்கன் உறவினர், அரசர், விருந்தாளி, நல்லவர் என்று கொல்லக்கூடாததற்கான காரணங்களை அவனே வரிசையாக அடுக்குகிறான். “இதற்கு மேல் இந்தக் காரியம் வேண்டாம்” என்று மனைவியிடம் சொல்லியும் விடுகிறான். ஐம்பது வரி போவதற்குள் “முடிவுசெய்துவிட்டேன்” என்கிறான். கம்பராமாயணம் படித்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டு மகிழ்ந்து மாலை பரிசளித்த கைகேயி, கூனி பேசப் பேச, அதே படலத்திலேயே மாறுகிறாள்; ‘தூய சிந்தையும் திரிந்தது’ என்கிறார் கம்பர். ‘தூய’ என்ற சொல்லை அவர் அங்கே வைத்ததுதான் கலை. திரிந்தது தூய மனம் என்று தெரிந்தால்தான் நமக்கு வலிக்கும். லேடி மெக்பெத் கணவனைத் திருப்ப எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறாள், எந்த இடத்தில் ‘ஆண்பிள்ளையா நீ’ என்று குத்துகிறாள், எத்தனை கேள்விகளை மூச்சுவிடாமல் அடுக்குகிறாள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு படித்தால், ‘எப்படி’ என்ற கேள்விக்கான பாதி விடை அந்த ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும்.

அப்படியானால் எல்லாம் தெரிந்தவனுடைய பிழை எது? என் கணிப்பில் அது அந்த முதல் வரியிலேயே இருக்கிறது. ஒரு செயல், செய்ததோடு முடிந்துவிடும் என்று நம்பிப் பார்த்தது. அது முடியாது என்று மூளைக்குத் தெரிந்தும் கை நம்பியது. நாடகம் முழுவதும் இந்த ‘முடிதல்’ திரும்பித் திரும்பி வருகிறது. மூன்றாம் அங்கத்தில் லேடி மெக்பெத் கணவனைத் தேற்றுகிறாள்: “முடிந்தது முடிந்ததுதான்.” ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி அவளே சொல்கிறாள்: “முடிந்ததை இல்லையென்று ஆக்க முடியாது.” தமிழில் படிக்கும் நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரவு: முடி என்றால் மகுடமும்தான். முடிக்காகச் செய்தது கடைசிவரை முடியவே இல்லை.

நாடகத்தின் சரிபாதியில் இன்னொரு எறி தவறுகிறது. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. மிகச் சிறியது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள். மெக்பெத் அனுப்பிய கொலையாளிகள் இருட்டில் பேங்கோவை வெட்டிச் சாய்க்கிறார்கள். அவனுடைய மகன் ஃப்ளியன்ஸ் ஓடிவிடுகிறான். பாதி வேலை கெட்டுவிட்டது என்று கொலையாளிகளே சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? ஃப்ளியன்ஸ் பிழைத்தான். குறி பிழைத்ததால் ஆள் பிழைத்தான். அதுவரை மெக்பெத் தொட்டதெல்லாம் நடந்தது. இதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அரிஸ்டாட்டில் சொல்லும் தலைகீழ்த் திருப்பத்துக்கு எல்லாரும் பேங்கோவின் பேய் வரும் விருந்துக் காட்சியைக் காட்டுவார்கள், தப்பில்லை. ஆனால் அந்த விருந்தின் வாசலிலேயே கொலையாளி வந்து காதில் சொல்லும் சேதி இதுதான். பேய் உட்காரும் முன்பே அவன் அரியணை ஆடிவிட்டது.

இனி, தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி: மெக்பெத் மேல் உங்களுக்கு எவ்வளவு இரக்கம் ஏற்படுகிறது? அரிஸ்டாட்டில், துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்ப வேண்டும் என்றார். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் அச்சமும் உண்டு. அழுகை எதனால் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதற்கு உரைகாரர் தரும் பொருள், பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது. துன்பியல் நாடகம் என்ற கலைக்கே இலக்கணம் மாதிரி இருக்கிறது.

ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சியில் மெக்பெத் சொல்வதை இந்தச் சொல்லோடு வைத்துப் பாருங்கள். தன் வாழ்க்கை உலர்ந்து பழுப்பிலையாகிவிட்டது என்கிறான். முதுமைக்குத் துணையாக வர வேண்டிய மரியாதை, அன்பு, பணிவு, கூட்டம் கூட்டமாக நண்பர்கள் எதுவும் தனக்கு இல்லை, வாயளவு மரியாதையும் அடிக்குரல் சாபமும்தான் மிச்சம் என்கிறான். இங்கே எனக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. தன்னை எதிர்த்த மெக்டஃபின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்லச் சொன்னவன் இவன்தான் என்று தெரிந்தும் வருகிறது. மெக்டஃபின் மகன் மேடையிலேயே, நம் கண்முன் குத்தப்படுகிறான் என்பதையும், டங்கனின் கொலை மட்டும் திரைமறைவில் நடக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், ஷேக்ஸ்பியர் நம் இரக்கத்தை எங்கே கொடுத்து எங்கே பிடுங்குகிறார் என்று தெரியும். நல்ல விடை இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பின்தொடரும். ‘ஆம், இரக்கம் வருகிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ முதல் வரியில் கட்சி கட்டிவிட்டு அங்கேயே நிற்காது.

ஆனால் மெக்பெத் தன் பிழையை உணர்ந்தானா? இங்கேதான் பாண்டியன் நெடுஞ்செழியனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘கள்வன் கையது ஆகில்’, சிலம்பு அவன் கையில் இருந்தால், கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்றான். ‘ஆகில்’ என்று நிபந்தனை போட்டவன் அதைச் சோதிக்கவில்லை. அவன் ‘தேரான்’ ஆனான், ஆராயாதவன் ஆனான் என்கிறார் இளங்கோ. கண்ணகி சபைக்குள் நுழைந்ததும் ‘தேரா மன்னா’ என்று அதே சொல்லால் அறைகிறாள். சிலம்பு உடைகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. உடனே,

யானோ அரசன் யானே கள்வன்
மன்பதை காக்கும் தென்புலம் காவல்
என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்

என்று சொல்லி விழுகிறான். அந்தப் ‘பிழைத்தது’ என்ற சொல்லைப் பாருங்கள். தன் பிழையைத் தன் வாயால், பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறான். உணர்தலும் தண்டனையும் ஒரே மூச்சில் முடிகின்றன.

மெக்பெத் ஒருமுறைகூட ‘யானே கள்வன்’ என்று சபையில் சொல்வதில்லை. கொன்றுவிட்டுத் திரும்பிய அன்றிரவே கதவு தட்டப்படும்போது, “தட்டித் தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நல்லது” என்கிறான்; மனைவிக்கு மட்டும் கேட்கும் தூரத்தில். கடைசியில், பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்குத் தீங்கில்லை என்ற வாக்கை நம்பியிருந்தவன், மெக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று தெரிந்ததும் இரட்டைப் பொருளில் பேசி ஏமாற்றிய பிசாசுகளைத்தான் ஏசுகிறான். ஐந்து அங்கமும் உணர்ந்துகொண்டே இருக்கிறான், ஒப்புக்கொள்வதில்லை. நெடுஞ்செழியன் மேல் நமக்கு ஏற்படுவது மரியாதை கலந்த துக்கம். மெக்பெத் மேல் ஏற்படுவதற்கு இன்னும் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. அண்ணன் மகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னேன்: யோசிப்பதற்குப் பாண்டியனைக் கூட வைத்துக்கொள், தேர்வுத்தாளுக்குள் கூட்டிப் போகாதே. திருத்துபவருக்கு அவனைத் தெரியாது, உனக்கு நேரமும் இருக்காது.

பகுதி கொடுத்துக் கேட்கும் கேள்விக்கு வருவோம். கொலைக்குப் பிந்தைய அந்த இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். மெக்பெத் ரத்தக் கையோடு வருகிறான்.

“நீங்கள் பேசவில்லையா?”
“எப்போது?”
“இப்போது.”
“இறங்கி வந்தபோதா?”
“ஆமாம்.”

நாடகத்தின் பெரும்பகுதி அடிக்குப் பத்து அசை வரும் ஒரு நடையில் ஓடுகிறது. நம் யாப்பின் அசைக்கணக்கு வேறு. ஆனாலும் அகவல் படித்த காதுக்கு அந்தச் சீரான ஓட்டம் புரியும். இங்கே அந்த அடி நொறுங்கி, ஒற்றைச் சொல்லாகச் சிதறிக் கிடக்கிறது. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் இருட்டில் தேடுகிறார்கள். இந்தப் பகுதியில் உவமை இல்லை, உருவகம் இல்லை. ‘உத்தி’ தேடும் மாணவர்கள் இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று தாண்டிவிடுவார்கள். பதற்றம் முழுவதும் இந்த உடைசலில்தான் இருக்கிறது. அதே காட்சியில் லேடி மெக்பெத் “கொஞ்சம் தண்ணீர் போதும், இது போய்விடும்” என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில், இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்போது அவள் பேசுவது செய்யுளில் இல்லை, உரைநடையில். அடியும் சந்தமும் அவளை விட்டுப் போய்விட்டன. சூனியக்காரிகளுக்கோ தனியாகத் துள்ளும் நாற்சீர்த் தாளம், வேப்பிலை அடிக்கும் மந்திரம் மாதிரி. மெக்பெத் மேடைக்கு வந்து பேசும் முதல் வரியே, தான் கேட்டிராத அவர்களுடைய ‘நல்லது கெட்டது, கெட்டது நல்லது’ என்ற சொற்களை எதிரொலிக்கிறது. அவர்களைச் சந்திக்கும் முன்பே அவன் நாக்கில் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கதவு தட்டும் ஓசையைப் பற்றி 1823-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி தனிக் கட்டுரையே எழுதினார். கொலை நடந்த நேரத்தில் உலகம் நின்றுவிடுகிறது, தட்டும் சத்தம் கேட்டதும் மனித வாழ்க்கை மறுபடி மூச்சுவிடத் தொடங்குகிறது, அப்போதுதான் நின்றுபோனதன் பயங்கரம் உறைக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 2011-இல் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் சிங்கப்பூர் ரெப்பர்ட்டரி தியேட்டர் இந்த நாடகத்தைப் போட்டபோது புல்லில் பாய் விரித்துப் பார்த்தேன். புத்தகத்தில் ‘உள்ளே தட்டும் சத்தம்’ என்று சாய்வெழுத்தில் கிடக்கும் மூன்று சொல், காதில் விழும்போது வேறு. மாணவர்கள் இந்த நாடகத்தை எங்காவது ஒருமுறை நடிக்கப் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாலும் போதும். தமிழ் மேடைக்கும் இது பழைய உறவுதான். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் இதை ‘மகபதி’ என்ற பெயரில் தமிழாக்கினார்.

காலப்பின்னணி பற்றிச் சுருக்கமாக. மாணவர்கள் இதை அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்கள். நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில், அச்சானது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 தொகுப்பில். ஸ்காட்லாந்து அரசரான ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். பேங்கோவின் வழி வந்தவராகத் தம்மைக் கருதியவர், சூனியத்தைப் பற்றி 1597-இல் நூலே எழுதியவர். 1605 நவம்பர் 5-ஆம் தேதி நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதில் தொடர்புபடுத்தப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற பாதிரியார், பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல் இரட்டைப் பொருளில் பதில் சொல்வதை நியாயப்படுத்தியவர் என்று பேரெடுத்து, 1606-இல் தூக்கிலிடப்பட்டார். கதவைத் திறக்க வரும் குடிகார வாயிற்காவலன் ‘இரட்டை நாக்குக்காரன்’ ஒருவனை நரகத்துக்குள் வரவேற்பது அதனால்தான். அந்த இரட்டை நாக்கே, சூனியக்காரிகள் காட்டிய ஆவிகளின் வாக்காக வந்து, கடைசியில் மெக்பெத்தையும் வீழ்த்துகிறது: பெண் வயிற்றில் பிறந்தவன் எவனாலும் உனக்குத் தீங்கில்லை, பர்னம் காடு நடந்து வந்தால் ஒழிய உனக்குத் தோல்வியில்லை. இரணியனின் வரத்தைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று வாங்கிய வரம் அந்தி நேரத்து வாசற்படியில் தோற்றது. சொல்லை இறுகப் பிடித்தவனைச் சொல்லின் இடுக்கு வழியாக வந்து கொல்வது. இந்தப் பின்னணி கொடுத்த வரிகளைத் திறக்கும் சாவியாக இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் அரை வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருப்பது நல்லது: வரலாற்றில் இருந்த மெக்பெத் 1040 முதல் 1057 வரை பதினேழு ஆண்டு ஆண்டவன், டங்கனைப் போரில் வென்றவன். விருந்தாளியை வீட்டுக்குள் வைத்துக் கொன்ற மெக்பெத் நாடகம் படைத்தவன். தேர்வில் இவனைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அன்று ராத்திரி அண்ணி சோறு போடக் கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தோம். மாதிரி விடையை அவள் கிழித்துப் போடவில்லை. முதல் வரியில் ‘குறை’யை மட்டும் அடித்துவிட்டு மேலே குதிரை படம் ஒன்று வரைந்தாள், ஆள் மறுபுறம் விழுவது மாதிரி. பிறகு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள், திரும்ப வந்தாள்.

“சித்தப்பா, அந்த ஃப்ளியன்ஸ் பையன் ஓடிட்டானே. அப்புறம் எங்க வர்றான்?”

“வரவே மாட்டான்.”

“அப்ப கடைசியில டங்கன் மகன் மால்கம்தானே ராஜா? பேங்கோ பிள்ளைங்கதானே ராஜா ஆகணும்?”

“ஆமாம்.”

மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியைத் திறந்து, ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: ‘இவன் இன்னும் வெளியில் இருக்கிறான்.’